நள்ளிரவில் கல்லடைப்பு வலி! எந்தக் கருவி முதலில்?

நள்ளிரவு மணி 2.

ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒருவரைக் கைத்தாங்கலாக அழைத்து வருகிறார்கள். வயது 40 இருக்கும். இடது விலாவைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறார். அவரால் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வாந்தி வேறு!

"ஐயோ, உயிர் போகிறதே!" என்று அலறுகிறார். கூட வந்த மனைவி கண் கலங்கி நிற்கிறாள்.

பார்த்த உடனேயே டாக்டருக்குச் சந்தேகம் தட்டிவிடுகிறது. இது கல்லடைப்பாக இருக்கலாம்!

முதலில் வலி தீர ஊசி போடுகிறார். அடுத்து ஒரு கேள்வி எழுகிறது. உள்ளே இருப்பது கல்தானா என்று எந்தக் கருவியால் பார்ப்பது? கண்ட உடனே 'சி.டி. ஸ்கேன்' எடுத்துவிடலாமா? அல்லது கர்ப்பிணிகளுக்குச் செய்கிறார்களே, அந்த 'அல்ட்ரா சவுண்டு' போதுமா?

இது சாதாரணக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் இதற்கு விடை காண அமெரிக்காவில் 15 ஆஸ்பத்திரிகள் ஒன்று சேர வேண்டியிருந்தது!

மிளகு அளவு போதும்!

சிறுநீரகத்துக்குள் இருக்கும்வரை கல் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. அது நழுவிக் குழாயில் இறங்கும்போதுதான் ஆபத்து.

சிறுநீரகத்தையும் சிறுநீர்ப் பையையும் இணைக்கும் குழாயின் நீளம் 25 முதல் 30 சென்டிமீட்டர். உள்வழியோ 3, 4 மில்லிமீட்டர்தான். மிளகு அளவுக் கல் ஒன்று போதும், வழி அடைபட்டுவிடும். சிறுநீரகம் தன் வேலையை நிறுத்துவதில்லை. சிறுநீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. போக வழி இல்லை. சிறுநீரகம் வீங்குகிறது. அதுதான் அந்தப் பொல்லாத வலி.

விலாவில் வலி என்றால் எல்லாமே கல் என்று நினைத்துவிடக் கூடாது. கல் வலியைப் போலவே வேஷம் போடும் நோய்கள் உண்டு. குடல்வால் வீங்கினாலும் வலிக்கும். கருப்பைக்கு வெளியே, குழாயில் கரு தங்கிவிட்டாலும் வலிக்கும். வயதானவர்களுக்கு வயிற்றுக்குள் இருக்கும் பெரிய ரத்தக் குழாய் வீங்கி வெடிப்பதும் உண்டு. அதைக் கவனிக்காமல் விட்டால் சில மணி நேரத்தில் உயிரே போய்விடும்!

டாக்டரின் பயம் அதுதான்.

ஒரே ஊரின் இரண்டு அதிசயங்கள்

ஜெர்மனி விஞ்ஞானி ராண்ட்ஜன் 'எக்ஸ்ரே' கதிரைக் கண்டுபிடித்தது 1895-ம் ஆண்டு. அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்து தேசத்தின் கிளாஸ்கோ நகரில், ஜான் மக்கின்டயர் என்ற டாக்டர் சிறுநீரகக் கல்லை எக்ஸ்ரே படத்தில் பிடித்துவிட்டார்.

அதே கிளாஸ்கோவில்தான் இன்னொரு கருவியும் பிறந்தது. கொதிகலன் செய்யும் தொழிற்சாலைகளில் இரும்புக்குள் விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலையை அனுப்பிப் பார்ப்பார்கள். இதை அறிந்த டாக்டர் அயன் டொனால்டு, 1955-ம் ஆண்டில் ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு தொழிற்சாலைக்கே போய்விட்டார்! "இரும்பைச் சோதிக்கும் கருவி உடலைச் சோதிக்காதா?" என்பதுதான் அவருடைய யோசனை. அது பலித்தது. 1958-ல் வயிற்றுக்குள் பார்க்கும் படங்களை அவர் உலகுக்குக் காட்டினார்.

காதுக்குக் கேட்காத ஒலி அலை உடலுக்குள் சென்று எதிரொலியாகத் திரும்புகிறது. அந்த எதிரொலி படமாகிறது. கல் இருந்தால் பளிச்சென்று தெரியும். அதன் பின்னால் நிழல் விழும். கதிர் வீச்சு கிடையாது.

ஆனால் ஒரு குறை உண்டு. குடலில் உள்ள காற்று ஒலியை மறித்துவிடும். குழாயின் நடுப் பகுதியில் கல் சிக்கியிருந்தால் பெரும்பாலும் கண்ணில் படாது.

சி.டி. ஸ்கேன் கருவிக்கு அந்தத் தடை இல்லை. 1971-ல் இங்கிலாந்தில் முதல் நோயாளியைப் படம் பிடித்த கருவி இது. எக்ஸ்ரே குழாய் உடலைச் சுற்றி வந்து, துண்டு துண்டாகப் படம் எடுக்கும். சிறு கல் கூடத் தப்பாது. சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாத யூரிக் அமிலக் கல்லையும் இது காட்டிவிடும். வேலை சில விநாடிகளில் முடிந்துவிடும்.

அப்படியானால் எல்லோருக்கும் சி.டி. எடுத்துவிட வேண்டியதுதானே? கதிர் வீச்சுதான் தயக்கம். ஒரு முறை எடுப்பதால் வரும் கெடுதல் மிகச் சிறியது. ஆனால் கல் ஒரு முறை வந்தவர்களில் பலருக்கு மறுபடியும் வருகிறது. 30 வயதில் வந்தவர் 60 வயதுக்குள் எத்தனை முறை அந்தக் கருவிக்குள் போக வேண்டியிருக்குமோ!

2,759 பேருக்குச் சோதனை

கலிபோர்னியா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் ரெபெக்கா ஸ்மித்-பைண்ட்மன் என்ற பெண் நிபுணரும் அவருடைய கூட்டாளிகளும் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்கள்.

கல் வலி என்ற சந்தேகத்துடன் வந்த 2,759 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு அவசரப் பிரிவு டாக்டரே அல்ட்ரா சவுண்டு பார்த்தார். இன்னொரு பிரிவினருக்குப் பட நிபுணர்கள் அல்ட்ரா சவுண்டு பார்த்தார்கள். மூன்றாவது பிரிவினருக்கு எடுத்த எடுப்பில் சி.டி.

கர்ப்பிணிகளையும், மிகப் பருமனானவர்களையும், வேறு பெரிய ஆபத்து இருக்கலாம் என்று டாக்டர்கள் சந்தேகித்தவர்களையும் சோதனையில் சேர்க்கவில்லை. இதை மறந்துவிடக் கூடாது.

முடிவு 2014-ம் ஆண்டு செப்டம்பரில் வெளியாயிற்று.

கல் இருந்தவர்களில் 100-க்கு 88 பேருக்கு அதை சி.டி. காட்டியது. அல்ட்ரா சவுண்டோ 54, 57 பேருக்குத்தான் காட்டியது. ஏறக்குறையப் பாதிப் பேரின் கல் கண்ணில் படவே இல்லை!

அப்படியானால் அல்ட்ரா சவுண்டு தோற்றுவிட்டதா? இல்லை! ஆபத்தான நோயைத் தவறவிட்டு அதனால் சிக்கலுக்கு ஆளானவர்கள், 2,759 பேரில் மொத்தமே 11 பேர்தான். மூன்று பிரிவுகளுக்கும் இடையே பொருட்படுத்தத் தக்க வேறுபாடு இல்லை. வலி தணிந்ததிலும் வேறுபாடு இல்லை.

இது எப்படி? கல்லைப் பார்ப்பது வேறு. நோயாளியைக் காப்பாற்றுவது வேறு. அல்ட்ரா சவுண்டுக்குக் கல் தெரியாவிட்டாலும் சிறுநீரகம் வீங்கியிருப்பது தெரியும். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்களில் பெரும்பாலானவை தாமாகவே வெளியேறிவிடும். அவற்றுக்கு வேண்டியது வலி மருந்தும் பொறுமையும்தான்.

சந்தேகம் தீராதவர்களுக்குப் பின்னால் சி.டி. எடுத்தார்கள். அவசரப் பிரிவு டாக்டரே பார்த்தவர்களில் 100-க்கு 41 பேருக்கு அப்படி எடுக்க வேண்டியிருந்தது. மற்ற 59 பேர் கதிர் வீச்சிலிருந்து தப்பினார்கள். ஆறு மாதக் கணக்கில், முதலில் சி.டி. எடுத்தவர்கள் சராசரியாக 17 மில்லி சீவர்ட் கதிர் பெற்றார்கள். அவசரப் பிரிவு டாக்டர் அல்ட்ரா சவுண்டு பார்த்தவர்கள் பெற்றதோ 10. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் மனிதன் இயற்கையாகப் பெறுவது, உலகச் சராசரிப்படி ஆண்டுக்கு 2.4 மட்டுமே.

காய்ச்சல் இருந்தால்...

2019-ல் அமெரிக்காவில் அவசர சிகிச்சை, படம், சிறுநீரகம் ஆகிய மூன்று துறைகளிலிருந்தும் மும்மூன்று நிபுணர்கள் கூடினார்கள். 29 விதமான நோயாளிகளைக் கற்பனை செய்து, ஒவ்வொருவருக்கும் என்ன படம் எடுக்கலாம் என்று விவாதித்தார்கள்.

நோயாளி இளம் வயதினர். வலியின் போக்கு கல்லையே காட்டுகிறது. ஊசி போட்டதும் தணிந்துவிட்டது. அத்தகையவருக்கு உடனே சி.டி. அவசியமில்லை என்றார்கள். முதியவர் என்றால் கதை வேறு. ரத்தக் குழாய் வெடிப்பு மனத்தில் இருக்க வேண்டும், சி.டி. எடுக்கத்தான் வேண்டும். இப்போது குறைந்த கதிரில், 4 மில்லி சீவர்ட்டுக்கு உள்ளேயே சி.டி. எடுக்கவும் வழி இருக்கிறது. கர்ப்பிணிக்கு முதலில் அல்ட்ரா சவுண்டுதான்.

எந்த வயதானாலும், விலா வலியோடு குளிர் காய்ச்சலும் சேர்ந்தால் அது மிகப் பெரிய அபாயம். அடைபட்ட சிறுநீரில் கிருமி பெருகுகிறது என்று அர்த்தம். தேங்கிய சிறுநீரை உடனே வடித்தாக வேண்டும். ஒரு சிறுநீரகம் மட்டுமே உள்ளவர்களும் காத்திருக்கக் கூடாது.

நள்ளிரவில் வந்தாரே, அவருக்குக் காய்ச்சல் இல்லை. அல்ட்ரா சவுண்டில் இடது சிறுநீரகம் லேசாக வீங்கியிருந்தது. ரத்தக் குழாய் சரியாக இருந்தது. விடியும்போது வலியும் அடங்கிவிட்டது.

டாக்டர் அவரிடம் மாத்திரைச் சீட்டைக் கொடுத்தார். "வீட்டுக்குப் போங்கள். தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். காய்ச்சல் வந்தாலோ, வலி திரும்பினாலோ அப்படியே வந்துவிடுங்கள். சிறுநீரை ஒரு வடிகட்டியில் விட்டுப் பாருங்கள். கல் விழுந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். அது எந்த ரகம் என்று சோதிக்க வேண்டும்" என்றார்.

"டீ வடிகட்டி போதுமா டாக்டர்?" என்று கேட்டாள் மனைவி.

"போதும். பிறகு அதில் டீ வடிகட்டிவிடாதீர்கள்!" என்றார் டாக்டர்.