கார் ஷெட்டில் ஒரு கேம் சாம்ராஜ்யம்: தெரியுமா உங்களுக்கு?

கேமுக்குள் உட்கார்ந்துகொண்டே கேம் தயாரித்து விற்கலாம், தெரியுமா? அதில் கோடீஸ்வரர் ஆகலாம், திவாலாகி நடுத்தெருவுக்கும் வரலாம்! துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை, வில்லன் இல்லை. ஒரு கார் ஷெட், ஒரு கம்ப்யூட்டர், நீங்கள் மட்டும்தான். 1980-களில் தொடங்கி, கேம் உலகத்தின் 30 ஆண்டு வரலாற்றைத் தாண்டிக் கரையேற வேண்டும். பெயர் ‘கேம் டெவ் டைக்கூன்’. பேட்ரிக் க்ளுக், டேனியல் க்ளுக் என்று இரண்டு சகோதரர்கள் ‘கிரீன்ஹார்ட் கேம்ஸ்’ என்ற குட்டிக் கம்பெனி தொடங்கிச் செய்தது. 2012 டிசம்பரில் விண்டோஸ் ஸ்டோரில் முதலில் வந்தது.

விளையாட்டு என்னவோ எளிது. கருப்பொருள் ஒன்று, வகை ஒன்று தேர்ந்தெடுக்க வேண்டும். விளையாட்டுப் போட்டி என்றால் சிமுலேஷன், இடைக்கால ராஜா ராணி என்றால் ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும் கேம்), இப்படி. பிறகு எஞ்சினுக்கு எவ்வளவு நேரம், கதைக்கு எவ்வளவு, கிராஃபிக்ஸுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்க வேண்டும். சண்டை கேமில் கதைக்கு நேரத்தைக் கொட்டினால் விமர்சகர் வாங்கு வாங்கென்று வாங்குவார்! வேலை நடக்க நடக்க, ஆட்களின் தலையிலிருந்து வண்ணக் குமிழிகள் பறக்கும்: டிசைனுக்கு ஆரஞ்சு, டெக்னாலஜிக்கு நீலம். சிவப்புக் குமிழி கிளம்பினால்? அது ‘பக்’, அதாவது நிரல் பிழை! உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் களைய வேண்டும்.

இப்போது இந்த மொத்த விவகாரத்திலும் எனக்கு மிகப் பிடித்த தந்திரம். உங்கள் கேமுக்கு மார்க் போடும்போது, அதை யாரோடு ஒப்பிடுகிறார்கள் தெரியுமா? உங்களோடுதான்! இதுவரை நீங்கள் எடுத்த உங்கள் சொந்தச் சாதனைதான் அளவுகோல். ஒரு கேமில் அசுரப் பாய்ச்சல் பாய்ந்து 10-க்கு 10 வாங்கினீர்களா? போச்சு! அடுத்த கேம் அதையும் மிஞ்ச வேண்டும். அதே தரத்தில் எடுத்தால்கூட மார்க் சரியும், விற்பனை படுக்கும். அதனால்தான் கைதேர்ந்தவர்கள் எடுத்த எடுப்பிலேயே உச்சிக்குப் போவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறார்கள். முதல் படத்திலேயே வெள்ளிவிழா கண்ட இயக்குநர்களைக் கேட்டுப் பாருங்கள், இந்தக் கணக்கு எவ்வளவு உண்மை என்று சொல்வார்கள்.

நக்கல் வேறு! நின்டென்டோ இங்கே ‘நின்வென்டோ’. சோனி ‘வோனி’. மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ், ‘மைக்ரோநாஃப்ட்’டின் ‘எம்பாக்ஸ்’ ஆகிவிட்டது. கொமடோர் 64 கம்ப்யூட்டருக்குக் ‘கோவடோர்’ என்று நாமகரணம். நிஜத்தில் எந்தக் கன்சோல் கொடிகட்டிப் பறந்ததோ, எது மண்ணைக் கவ்வியதோ, இங்கேயும் பெரும்பாலும் அதே கதிதான். பழைய வரலாறு தெரிந்தவருக்கு ஜோசியம் பார்த்த மாதிரி!

இன்னொன்று. ஆண்டுதோறும் ‘ஜி3’ என்று ஒரு கண்காட்சி வரும். காசு கட்டி அரங்கு எடுத்தால் உங்கள் கேமுக்கு எதிர்பார்ப்பு எகிறும். லாஸ் ஏஞ்சல்ஸில் 1995-இல் தொடங்கிய ‘இ3’ கண்காட்சியின் பகடி அது. அந்த இ3-க்கு 2023 டிசம்பரில் நிரந்தரமாகப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். அசல் போய்ச் சேர்ந்தது, நக்கல் மட்டும் வருஷம் தவறாமல் நடக்கிறது!

இந்த யோசனைக்கு மூத்த அண்ணன் ஜப்பானில் இருக்கிறார். கைரோசாஃப்ட் கம்பெனியின் ‘கேம் டெவ் ஸ்டோரி’. 1997-இலேயே கம்ப்யூட்டரில் வந்து, 2010-இல் செல்போனுக்கு வந்த பிறகு உலகமெங்கும் ஒட்டிக்கொண்டது. அதில் நாலு விமர்சகர்கள், ஆளுக்குப் பத்து, மொத்தம் 40 மார்க். இது ஜப்பானின் ‘ஃபமிட்சு’ பத்திரிகை நிஜமாகவே மார்க் போடும் முறை! அந்தப் பத்திரிகையில் 40-க்கு 40 முதன்முதலில் வாங்கியது எது? 1998-இல் வந்த ‘செல்டா: ஒகரினா ஆஃப் டைம்’.

சரி, இனிதான் வெடி. 2013 ஏப்ரல் கடைசி. க்ளுக் சகோதரர்கள் தங்கள் சொந்த இணையதளத்தில் கேமை விற்பனைக்கு வைக்கிறார்கள். விலை 7.99 டாலர். பூட்டு, சாவி, காப்பி தடுப்பு எதுவும் கிடையாது. கடை திறந்த சில நிமிடங்களில், அதே கேமின் திருட்டுப் பிரதி டோரன்ட் என்ற கோப்புப் பகிர்வு வலையில் ஏறுகிறது. ஏற்றியது யார் தெரியுமா? அவர்களேதான்!

திருட்டு விசிடியைத் தயாரிப்பாளரே பர்மா பஜாரில் கொண்டுபோய் விற்ற மாதிரி! ஆனால் அந்தப் பிரதிக்குள் ஒரு கண்ணி. இறக்கியவர் சில மணி நேரம் ஜோராக விளையாடுவார். கம்பெனி வளரும், பணம் கொட்டும். அப்புறம் திடீரென்று ஒரு செய்தி: உங்கள் கேமை நிறையப் பேர் விளையாடுகிறார்கள், ஆனால் காசு கொடுக்காமல் திருட்டுத்தனமாக இறக்கிக்கொள்கிறார்கள், இப்படியே போனால் கம்பெனி தாங்காது! அதன்பிறகு எவ்வளவு நல்ல கேம் எடுத்தாலும் கல்லாவில் காசு சேராது. கரைந்து கரைந்து திவால்!

முதல் நாள் முடிவில் எண்ணிப் பார்த்தார்கள். மொத்தம் விளையாடியவர்கள் 3,318 பேர். காசு கொடுத்தவர்கள் 214. மீதி 3,104 பேர், அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்றுக்கும் மேல், திருட்டுப் பிரதி!

அந்தத் திருட்டு முதலாளிகள் இணையத்தில் வந்து புலம்பினார்களே, அதுதான் உச்சம். ஏன் இத்தனை பேர் திருடுகிறார்கள், என் கம்பெனியே நாசமாகிறதே என்று ஒருவர் அழுகை. காப்பி தடுப்பு பூட்டை ஆராய்ச்சி செய்து கண்டுபிடிக்க கேமுக்குள் வழி இருக்கிறதா என்று இன்னொருவர் விசாரணை! கேம் ஆடுபவராக விழுந்து விழுந்து சிரித்தாலும், உழைத்து உருவாக்கியவராக அழுகையும் வந்தது என்று பேட்ரிக் எழுதினார். நியாயம்தானே?

திருடருக்கு வலை விரித்தவர்கள் வேறு சிலரும் உண்டு. 1995-இல் அமெரிக்காவில் வெளியான ‘எர்த்பவுண்ட்’ கேமின் திருட்டுப் பிரதி, கடைசிச் சண்டைவரை இழுத்துக்கொண்டு போய், சேமித்ததை எல்லாம் அழித்துவிடும்! 2009-இல் ‘பேட்மேன்: ஆர்க்கம் அசைலம்’ திருட்டுப் பிரதியில் பேட்மேனுக்கு மிதந்து பறக்க வராது. ‘சீரியஸ் சாம் 3’-இல் எத்தனை சுட்டாலும் சாகாத தேள் ஒன்று துரத்தும். ஆனால் இவையெல்லாம் வெறும் தண்டனை. திருடியவரை முதலாளி நாற்காலியில் உட்கார வைத்து அவர் வீட்டிலேயே திருட்டு நடக்க வைத்தவர்கள் க்ளுக் சகோதரர்கள்தான்.

அந்தக் கண்ணி என்ன ஆயிற்று? பின்னாளில் கேம் செல்போனுக்கு வந்தபோது, ‘பைரேட் மோட்’ என்று அதையும் சேர்த்துவிட்டார்கள். மகா கடினமான ஆட்டம் வேண்டும் என்பவர்களுக்குத் தனி வசதியாம்! அன்றைக்கு ஓசியில் கிடைத்த திவாலை இன்றைக்குக் காசு கொடுத்து வாங்கி, அதிலும் ஜெயித்துக் காட்டுகிறேன் பார் என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள்!