பிள்ளையைக் கொட்டிய தேனீயும் பெற்றவள் படும் பாடும்

எங்கள் ஊர் பாலசமுத்திரம். ஆந்திர மாநிலம், சித்தூர் - திருப்பதி வட்டாரம். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது தெலுங்கு. ஊரைச் சுற்றி மாந்தோப்பு. மாம்பழம் இருக்கும் இடத்தில் தேனீயும் குளவியும் இருக்கும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சின்ன வயதில் எங்களைக் கொட்டாத தேனீயா? அம்மா சுண்ணாம்பைத் தடவி, "ஒண்ணுமில்ல, போய் விளையாடு" என்பார். அவ்வளவுதான் வைத்தியம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் என் அக்கா மகனைத் தேனீ கொட்டியது. அப்போது அவனுக்கு எட்டு வயது. வழக்கம்போல் சுண்ணாம்பு தடவினார்கள். பத்து நிமிடத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சு இரைப்பு. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நல்லவேளையாகச் சரியான ஊசியைச் சரியான நேரத்தில் போட்டுப் பிழைக்க வைத்தார்கள். மறுநாள் மாலை வீடு திரும்பினான். மருத்துவமனைச் சீட்டில் "நலமாக உள்ளார்" என்று எழுதியிருந்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து விடுமுறையில் ஊருக்குப் போனேன். பையன் நலமாகத்தான் இருந்தான். அக்கா நலமாக இல்லை. வெயில் காலத்திலும் சன்னல்கள் சாத்தியே கிடந்தன. தோப்பு வேலைக்குப் போவதை விட்டுவிட்டாள். பள்ளிக்கூடம் வரை கூடவே நடக்கிறாள், மாலையில் மணி அடிக்கும் முன்பே வாசலில் நிற்கிறாள். திருவிழாவுக்குப் போவதில்லை, அங்கே பழக்கடையில் குளவி மொய்க்குமாம். "ஒரு ஈ பறக்குற சத்தம் கேட்டாலே நெஞ்சு பதறுதுடா. இன்னாமோ ஆயிடப் போவுதோன்னு ராத்திரியில எழுந்து அவன் மூச்சு வருதான்னு பாக்கறேன்" என்றாள்.

புள்ளியியல் படித்தவன் என்ற முறையில் அன்று எனக்குள் எழுந்த கேள்விதான் இந்தக் கட்டுரை. சீட்டில் எழுதப்படாத இந்தத் துன்பத்தை அளக்க முடியுமா? அளந்து என்ன பயன்?

கொட்டும்போது நடப்பது என்ன?

தேனீ, குளவி, கதண்டு ஆகியவற்றின் நஞ்சில் சில புரதங்கள் உள்ளன. பெரும்பாலோருக்கு அவை கொட்டிய இடத்தில் வலியும் வீக்கமும் தருவதோடு சரி. சிலருடைய உடல் மட்டும் அந்தப் புரதங்களைப் பெரும் பகையாக எண்ணி, 'ஐஜிஇ' என்னும் எதிர்ப்பொருளைச் செய்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை கொட்டும்போது உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருட்கள் வெளியாகின்றன. தடிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல், இரத்த அழுத்த வீழ்ச்சி என்று நிமிடக் கணக்கில் நிலைமை மோசமாகிறது. இதுவே அனாஃபைலாக்சிஸ் எனப்படும் கடும் ஒவ்வாமை.

இதற்கு முதல் மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்புறத் தசையில் உடனே போட வேண்டும். அவில் மாத்திரையோ ஸ்டீராய்டு ஊசியோ இதற்கு ஈடாகாது. தேனீயின் கொடுக்கு தோலில் தங்கியிருந்தால் கிள்ளியோ சுரண்டியோ உடனே எடுத்துவிட வேண்டும். எப்படி எடுப்பது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதே முக்கியம்.

நிரந்தரத் தீர்வுக்கு அருகில் வருவது நஞ்சுத் தடுப்பு ஊசி முறை. அந்த நஞ்சையே மிகச் சிறு அளவில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டி, பிறகு மாதம் ஒரு முறையாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் கொடுப்பார்கள். முன்பெல்லாம் பூச்சியை முழுதாக அரைத்து எடுத்த சாற்றைத்தான் ஊசியாகப் போட்டார்கள். 1978-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் இதைச் சோதித்தார்கள். நோயாளிகளை மருத்துவர் முன்னிலையில் பூச்சி கொட்டச் செய்து பார்த்ததில், வெறும் நீர் போன்ற போலி மருந்து பெற்ற 12 பேரில் 7 பேருக்கும், பூச்சிச் சாறு பெற்ற 11 பேரில் 7 பேருக்கும் ஒவ்வாமை வந்தது. தூய நஞ்சு பெற்ற 18 பேரில் ஒருவருக்கு மட்டுமே வந்தது. பல்லாண்டுகளாக நம்பிப் போட்ட ஊசிக்கும் போலி மருந்துக்கும் வித்தியாசமே இல்லை! அளந்து பார்க்காத நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இது நல்ல பாடம்.

வாழ்க்கைத் தரம் வேறு, வாழ்வுத் தரம் வேறு

நோயாளியின் மூச்சையும் நாடியையும் கருவி அளக்கும். அச்சத்தை எது அளக்கும்? அவரையே கேட்பதுதான் வழி. இப்படிப் பிறந்ததுதான் 'குவாலிட்டி ஆஃப் லைஃப்' என்னும் துறை. இதை 'வாழ்க்கைத் தரம்' என்று மொழிபெயர்த்தால் நம்மவர் மாடி வீடு, பைக், ஃப்ரிட்ஜ் என்று எண்ணிக்கொள்வார்கள். அது வசதியின் தரம். ஆகவே இங்கே 'வாழ்வுத் தரம்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறேன். தன் பண்பாட்டுக்கும் எதிர்பார்ப்புகளுக்கும் நடுவே தன் வாழ்வைத் தானே எப்படி உணர்கிறார் என்பதே இதன் பொருள்.

நமக்குப் பெருமையான செய்தி ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1990களில் எல்லா நாட்டுக்கும் பொருந்தும் வாழ்வுத் தர வினாத்தாளை உருவாக்கியபோது, ஓரிடத்தில் எழுதி மற்ற மொழிகளில் பெயர்க்கவில்லை. உலகின் பல நகரங்களில் ஒரே நேரத்தில் மக்களிடம் பேசிக் கேள்விகளைத் திரட்டினார்கள். அந்த நகரங்களில் சென்னையும் ஒன்று. அதிலிருந்து வந்த சுருக்க வடிவத்தில் 26 கேள்விகள்: உடல், மனம், உறவுகள், சூழல் என்று நான்கு பகுதிகள்.

ஆனால் அது பொதுக் கருவி. ஊர் முழுவதும் அளக்கும் நில அளவைச் சங்கிலியைக் கொண்டு மோதிர விரலை அளக்க முடியாது. தேனீக்கு அஞ்சும் குடும்பத்துக்கு அந்த அச்சத்தையே கேட்கும் தனித் தாள் வேண்டும்.

அளந்ததால் தெரிந்த உண்மை

நெதர்லாந்தின் குரோனிங்கன் நகர ஆய்வாளர்கள் 2002-ல் குளவி ஒவ்வாமை உள்ள பெரியவர்களுக்கென 14 கேள்விகள் கொண்ட தாளை வெளியிட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஏழு படி விடை. அதைக் கொண்டு இரு குழுவினரை ஒப்பிட்டார்கள். ஒரு குழுவுக்கு நஞ்சுத் தடுப்பு ஊசி. மற்றொரு குழுவுக்கு, கொட்டினால் தானே போட்டுக்கொள்ளும் 'எபிபென்' அட்ரினலின் பேனா.

விளைவு என்ன? தடுப்பு ஊசி பெற்றவர்களின் வாழ்வுத் தரம் உயர்ந்தது. பேனா மட்டும் பெற்றவர்களின் வாழ்வுத் தரம் உயராதது மட்டுமல்ல, சற்றுக் குறைந்தே போனது! உயிர்காக்கும் பேனா கையில் இருந்தால் தைரியம் வரும் என்றுதானே நாம் நினைப்போம்? அவர்களுக்கோ பையில் இருக்கும் பேனா, "உனக்கு ஆபத்து, உனக்கு ஆபத்து" என்று நாளும் நினைவூட்டியது போலும். பேனா வேண்டாம் என்பதல்ல இதன் பொருள்; அது கட்டாயம் வேண்டும். பேனாவைக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று எண்ணக் கூடாது என்பதே பொருள். கேட்டுப் பார்க்காமல் இந்த உண்மை யாருக்கும் தெரிந்திருக்காது.

பெற்றோருக்கு ஏன் தனித் தாள்?

குழந்தை ஒவ்வாமையில் ஒரு விசித்திரம் உண்டு. ஆபத்தும் அச்சமும் ஒரே அளவில் இருப்பதில்லை. முன்பு ஒவ்வாமை கண்ட குழந்தைகளை 10 முதல் 20 ஆண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்து விசாரித்த அமெரிக்க ஆய்வு 2004-ல் வந்தது. பிறகு பூச்சி கொட்டியவர்களில், தடுப்பு ஊசி போட்டவர்களுக்கு 3 விழுக்காடும் போடாதவர்களுக்கு 17 விழுக்காடும் மீண்டும் உடல் முழுதுமான ஒவ்வாமை வந்தது. முதலில் கடுமையாக வந்து ஊசி போடாதவர்களிடம் அது 32 விழுக்காடு. தோலில் தடிப்பு மட்டும் வந்த குழந்தைகளுக்கோ பின்னால் பெரிய ஆபத்து வருவது அரிது.

ஆனால் தடிப்பு மட்டும் வந்த குழந்தையின் தாயும், மூச்சு நின்றுபோன குழந்தையின் தாயும் இரவில் ஒரே மாதிரிதான் விழித்திருக்கலாம். முதலாமவளுக்குத் தேவை ஊசி அல்ல, தெளிவான விளக்கம். இரண்டாமவளுக்கு இரண்டும் தேவை. இரத்தப் பரிசோதனை இந்த வேறுபாட்டைக் காட்டாது. தாயைக் கேட்டால்தான் தெரியும்.

இதை உணர்ந்து ஆஸ்துமாக் குழந்தைகளின் பெற்றோருக்கு 1996-ல் 13 கேள்விகள் கொண்ட தாளும், உணவு ஒவ்வாமைக் குழந்தைகளின் பெற்றோருக்கு 2004-ல் 17 கேள்விகள் கொண்ட தாளும் வந்தன. பூச்சி நஞ்சைப் பொறுத்தவரை, போலந்தின் கிராக்கோவ் நகர மருத்துவர்கள் குழந்தைகளையும் பெற்றோரையும் மையமாக வைத்து இப்பணியைச் செய்து வருகிறார்கள்.

நல்ல வினாத்தாளின் இலக்கணம்

கேள்விகளை மருத்துவர் மேசையில் உட்கார்ந்து எழுதக் கூடாது. முதலில் பெற்றோரைப் பேசவிட்டு, அவர்கள் வாயிலிருந்தே எடுக்க வேண்டும். பிறகு மூன்று சோதனைகள். ஒரே பொருளைக் கேட்கும் கேள்விகளுக்கு விடைகள் ஒத்துப்போகின்றனவா? இதற்கு குரோன்பாக் ஆல்ஃபா என்ற எண் உண்டு, 0.7-க்கு மேல் இருந்தால் ஏற்கலாம். நிலைமை மாறாத ஒருவர் இரு வாரம் கழித்தும் அதே விடை தருகிறாரா? நிலைமை மாறியவரிடம் எண்ணும் மாறுகிறதா? ஏழு படி அளவையில் சராசரியாக அரைப்படி மாற்றம் வந்தால் அது நோயாளியே உணரக்கூடிய மாற்றம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு.

நம் ஊருக்கு நம் கேள்விகள்

சரி, ஐரோப்பியத் தாளைத் தமிழில் பெயர்த்துப் பாலசமுத்திரத்துக்குக் கொண்டுபோனால் போதுமா? போதாது. "தோட்டத்தில் அமர்ந்து உணவருந்தத் தயங்குகிறீர்களா?" என்று என் அக்காவைக் கேட்டால் சிரிப்பாள். அவளிடம் கேட்க வேண்டியவை வேறு: தோப்பு வேலைக்குப் போகாமல் கூலி இழந்தீர்களா? பிள்ளையை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு ஒரு சாவு வீட்டுக்காவது போக முடிகிறதா? "நீதான் கவனிக்கல" என்று மாமியார் சொன்னாரா? திருப்பதிக்கோ வேலூருக்கோ சென்னைக்கோ அலைந்ததில் கடன் எவ்வளவு? இலங்கை மலையகத்தில் தேயிலை பறிக்கும் நம் தாய்மார்களுக்குக் குளவிக் கொட்டு தொழிலோடு வந்த ஆபத்து. அவர்களிடம் கேட்க வேண்டியவை இன்னும் வேறு.

மொழிச் சிக்கலும் உண்டு. அக்கா பேசுவது தமிழ், படிப்பது தெலுங்கு. தமிழில் அச்சடித்த தாளை அவளால் வாசிக்க முடியாது. தெலுங்குத் தாளில் அவள் மனசு திறக்காது. ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இது புதிய செய்தியா என்ன?

இன்னொன்று, "எப்படி இருக்கீங்க?" என்றால் "நல்லா இருக்கோம்" என்பது நம் வழக்கம். அது மரியாதை, விடையல்ல. "போன வாரத்துல எத்தனை ராத்திரி எழுந்து பாத்தீங்க?" என்று கேட்டால்தான் உண்மை வரும். அதுவும் மாமியார் பக்கத்தில் இல்லாத நேரமாகக் கேட்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

இங்கே நம் பிள்ளைகளின் பள்ளியில் எபிபென் இருக்கிறது, செவிலியர் இருக்கிறார். 2024-ல் மூக்கில் அடிக்கும் அட்ரினலின் மருந்துக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. ஊரில் அந்தப் பேனாவும் நஞ்சுத் தடுப்பு ஊசியும் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் கண்ணாடிக் குப்பியில் வரும் அட்ரினலின் விலை மலிவு. அது அவசிய மருந்துகளில் ஒன்று. அருகில் உள்ள சுகாதார நிலையத்தில் அது இருக்கிறதா, யார் போடுவார், இரவில் யாரை அழைப்பது என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலே பாதி பயம் போய்விடும்.

மீதிப் பாதிக்குத்தான் வினாத்தாள். நம் சங்கங்களில் மருத்துவர்களும் மொழி அறிந்தவர்களும் புள்ளியியலாளர்களும் இருக்கிறோம். ஊரில் உள்ள குழந்தை மருத்துவர்களோடு சேர்ந்து தமிழ்ப் பெற்றோருக்கான ஒரு தாளை உருவாக்குவது நம்மால் ஆகாத காரியமல்ல.

அந்த விடுமுறையில் ஒரு மாலை, நான் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு அக்காவிடம் மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினாள். கடைசியில், "ரெண்டு வருசமா எல்லாரும் பையன் எப்படி இருக்கான்னுதான் கேட்டாங்க. என்னைக் கேட்டது நீதான்டா" என்றாள். எழுந்து போய் ஒரு சன்னலைத் திறந்தாள்.