கடல்மீன் தொட்டிக்கு வாளி வடிகட்டி

கடல் வண்ணமீன் வளர்ப்போர் விலை கூடிய வடிகட்டி வாங்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் வாளியின் அடியில் துளையிட்டுக் குழாய் பொருத்துங்கள். கழுவிய கிளிஞ்சல் ஓடுகளை நிரப்பி, மேலே நுரைப்பஞ்சு வையுங்கள். வாளியைத் தொட்டிக்கு மேலே நிறுத்தி, மீன்தொட்டி மோட்டாரால் நீரை ஏற்றினால் வடிந்து தொட்டிக்கே திரும்பும்.

ஓட்டில் வளரும் பாக்டீரியாதான் உண்மையான வடிகட்டி. மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் அது மாற்றும். பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை தினமும் ஒரு சிட்டிகை தீவனம் மட்டும் போடுங்கள். அவசரப்பட்டு மீன் விட்டால் செத்து மிதக்கும். சோதனையில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியம் காட்டட்டும். பஞ்சைத் தொட்டி நீரிலேயே அலசுங்கள். குழாய்நீர் குளோரின் பாக்டீரியாவைக் கொல்லும்.

திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்தினர் முகத்துவார நீரை எடுக்காதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படர்ந்த இடம் அது. எண்ணெயை இந்த வாளி பிரிக்காது.