கரை உடைஞ்சா உடனே மண் வெட்டலாமா?



புயல் ஓய்ந்த மறுநாள் ஏரிக்கரை உடைந்து கிடக்கிறது. பொக்லைன் தயார், ஆட்களும் தயார். அந்த நேரத்தில், "உத்தரவு வரட்டும், அதுவரைக்கும் மண்ணைத் தொடாதீங்க" என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? நம்ம வகுப்பிலும் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதமே நடந்தது. நான் படித்ததையும் பெரியவர்களிடம் கேட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. ஆற்றோரம் இருக்கும் எங்கள் ஊரில் ஏரிக்கரை உடைந்தது. வயலெல்லாம் மணல் மேடாகிவிட்டது.

ஊர்க்கூட்டத்தில் இரண்டு யோசனை வந்தது. ஒன்று, கரையை ஒட்டியே மண்ணை வெட்டி உடைப்பில் கொட்டுவது. இன்னொன்று, ஆற்றில் இறங்கி மணல் அள்ளுவது. இரண்டுமே வேண்டாம் என்றார் எங்கள் ஊர் நீர்க்கட்டித் தாத்தா. "கால்மாட்டுல மண்ணை வெட்டித் தலைமாட்டுல போட்டா கரை எப்படிடா நிக்கும்?" என்று கேட்டார்.

ஏன் கூடாது?

கரையின் அடியில் பள்ளம் விழுந்தால், ஏரி நிரம்பும்போது தண்ணீர் அடியில் ஊறி அந்தப் பள்ளத்தில் கசியும். கசியும்போது மண்ணையும் அரித்துக்கொண்டு வரும். கடைசியில் கரையே உட்கார்ந்துவிடும். ஆற்று மணலோ தண்ணீரைத் தேக்காது, உள்ளே விட்டுவிடும். மூட்டையில் கட்டிப் போடலாம், அது தற்காலிகம்தான். களிமண் கலந்த மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் இடித்துக் கெட்டிப்படுத்தினால்தான் கரை நிற்கும். மணல் அள்ளிய இடத்தில் ஆறு ஆழமாகி, ஆற்றங்கரை சரியும், பாலத்தின் தூணும் ஆட்டம் காணும்.

தண்ணீரைத் திருப்பிவிடுவதும் இப்படித்தான். நம்ம ஊரைக் காப்பாற்ற அவசரத்தில் வெட்டும் வாய்க்கால், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குள் வெள்ளத்தைக் கொண்டுபோய் விடலாம். புயல் செய்த சேதம் ஒரு பங்கு என்றால், கண்ணை மூடிக்கொண்டு செய்யும் ரிப்பேர் இன்னொரு பங்கு சேதம் செய்துவிடும். மண்ணை எங்கே எடுப்பது, தண்ணீர் எங்கே போகும் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கேட்பதற்குத்தான் அனுமதி.

சட்டம் என்ன சொல்லுது?

சிறிய இடத்தில் மண், மணல் எடுக்கும் குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியென்றால் வெள்ளத்தின் போதும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். 2016-ல் மத்திய அரசு ஒரு விலக்குப் பட்டியல் வெளியிட்டது. வெள்ளத்துக்குப் பிறகு தன் வயலில் படிந்த மணலை விவசாயி அப்புறப்படுத்த அந்தச் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை. (அதை லாரியில் ஏற்றி விற்கணும்னா கதையே வேறு! அதற்குக் கனிம விதிகள் உண்டு.) கால்வாய், ஏரி உடைப்பை அடைக்க மண் எடுக்கவும் தேவையில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: மாவட்ட ஆட்சியர் உத்தரவு போட வேண்டும்.

விலக்கு என்றால் இஷ்டம்போல் வெட்டலாம் என்று அர்த்தமில்லை. சாலை போன்ற வேலைகளுக்கு மண் எடுக்கத் தந்திருந்த ஒரு விலக்கை, எவ்வளவு மண், எவ்வளவு இடம் என்று அளவே சொல்லவில்லை என்பதால் 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

கடலோர நண்பர்கள் கவனிக்க! கடல் தண்ணீர் ஏறி இறங்கும் ஆற்று முகத்துவாரத்துக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் சேரும். அலையாத்திக் காடும் சேற்றுத் திட்டும் அதில் மிக உயர்ந்த பாதுகாப்பு உள்ள பகுதிகள்.

குறை எங்கே?

எங்கள் ஊருக்கு உத்தரவு வர நாலு நாள் ஆச்சு. அதுவரை மணல் மூட்டைதான். அதற்குள் எங்கள் பெரியப்பாவின் ஒன்றரை ஏக்கர் நெல் அழுகிப் போச்சு. உத்தரவு வந்த பிறகு, கரையிலிருந்து தள்ளி ஏரியின் உட்பகுதியில் மண் எடுத்து அடைத்தார்கள். அடுத்த மழையில் கரை நின்றது. அதனால் உத்தரவு கேட்டது சரி, தாமதம்தான் தப்பு என்பது என் கருத்து. சட்டத்தில் சீக்கிர வழி இருக்கிறது. அதில் போக நாம்தான் தயாராக இல்லை.

மழைக்கு முன்பே செய்ய வேண்டியவை

1. ஏரி யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி பொதுவாக நீர்வளத் துறையிடமும், அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும்.
2. கரையில் பலவீனமான இடம், மதகு, கலங்கல், மண் எடுக்கக்கூடிய இடம் ஆகியவற்றைப் படமாக வரைந்து வையுங்கள்.
3. ஏரியின் பெயர், சர்வே எண்ணோடு மனுவை இப்போதே எழுதி வையுங்கள். உடைப்பின் நீளத்தை மட்டும் அன்று நிரப்பினால் போதும். கிராம நிர்வாக அலுவலரிடமும் தாசில்தாரிடமும் உடனே கொடுக்கலாம்.
4. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077. மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்!

இரண்டாவது வேலையை நாமே செய்யலாமே? அளவு நாடாவும் வரைபடத் தாளும் இருந்தால் போதும். சமூக அறிவியல் ஆசிரியர் அனுமதித்தால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு சனிக்கிழமை ஏரிக்கரைக்குப் போய் அளந்து வரலாம். வர விரும்புகிறவர்கள் இந்தத் தாளின் கீழே பெயர் எழுதுங்கள்.

வெள்ளம் வருமுன் அணை போடுவோம்!

— 10-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு