பாட்டியின் குரலும் வழங்கியின் இடமாற்றமும்

வீடு மாறும்போது பெட்டிகளை எண்ணினால் மட்டும் போதாது. திறந்தும் பார்க்க வேண்டும். இதை நான் ஒரு கணினியிடம் கற்றுக்கொண்டேன்.

எங்கள் தமிழ் மொழிக் கழகத்தில் ஒரு பழைய கணினி உண்டு. உறுப்பினர் அனைவருக்கும் கோப்புகளை வழங்குவதால் அது செர்வர், அதாவது வழங்கி. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த முதியோரின் நேர்காணல்கள் அதில் உள்ளன. அவற்றுள் ஒன்று என் பாட்டியின் குரல். 1941ஆம் ஆண்டில் இவ்வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தைப் பற்றித் தம் தந்தை சொல்லக் கேட்டதை 40 நிமிடம் பேசியிருக்கிறார். பாட்டி இன்று இல்லை.

எண்ணிக்கை ஏமாற்றியது

சென்ற ஆண்டு வன்தட்டு பழுதாகும் அறிகுறி தெரிந்ததால் புதியது வாங்கினோம். ஒரு வன்தட்டைப் பல பகுதிகளாகப் பிரிக்கலாம். பல வன்தட்டுகளைச் சேர்த்து ஒரே பகுதியாகவும் காட்டலாம். அத்தகைய பகுதியே சேமிப்புத் தொகுதி. நான் புதிய தட்டில் ஒரு தொகுதி அமைத்து, இரவில் நகல் கட்டளையை இட்டுவிட்டு வீடு திரும்பினேன்.

காலையில் பழையதில் 412 கோப்புகள், புதியதிலும் 412. மகிழ்ச்சியோடு திரையை மூடினேன். பிறகு பாட்டியின் பதிவைத் திறந்தால் 11ஆவது நிமிடத்தில் குரல் அறுந்தது. நான் அமைத்த தொகுதி சிறியது. அது நிறைந்த இடத்தில் அப்பதிவு பாதியில் நின்றது. அடுத்து வந்த கோப்புகளுக்குப் பெயர் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. திரையில் வந்த பிழைச் செய்திகளைப் படிக்காதது என் தவறு.

மூன்று வழிகள்

முதலாவது, நேரடி நகல். தரவு குறைவாகவும் யாரும் பயன்படுத்தாமலும் இருந்தால் இதுவே போதும். கோப்பின் தேதி, உரிமையாளர், அனுமதி ஆகியவையும் சேர்ந்து வரும்படி கட்டளை இட வேண்டும்.

இரண்டாவது, ஆர்சிங்க். 1996இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் ஆகியோர் வெளியிட்ட இந்த மென்பொருள், மாறியவற்றை மட்டும் மீண்டும் நகலெடுக்கும். தாமான் விட்டுத் தாமான் போகிறவர்கள் கட்டில், அலமாரியை முதலில் லாரியில் ஏற்றிவிட்டு, பாயையும் சட்டி பானையையும் கடைசி நாளில் கொண்டு போவதில்லையா? அதுபோல, வழங்கி இயங்கும்போதே முதல் சுற்று. பிறகு பயனரைச் சிறிது நேரம் நிறுத்திவிட்டு, இடையில் மாறியவற்றுக்கு இரண்டாம் சுற்று.

மூன்றாவது, லினக்ஸின் எல்விஎம் முறை. பழைய தட்டும் புதிய தட்டும் ஒரே தொகுதிக் குழுவில் இருந்தால், 'பிவிமூவ்' கட்டளை தரவைத் துண்டு துண்டாக நகர்த்தும். பயனர் வேலையை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் இது நகல் அன்று, இடமாற்றம். எனவே தனியாக ஒரு காப்பு நகல் இல்லாமல் தொடங்கக் கூடாது.

சரிபார்ப்பே முக்கியம்

ஆர்சிங்க்கூட வழக்கமாக அளவையும் தேதியையும்தான் ஒப்பிடும். உள்ளடக்கத்தை ஒப்பிட 'செக்சம்' எனும் சரிபார்ப்பு எண்ணைக் கேட்க வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் இந்த எண் மாறிவிடும். இரு பக்கமும் ஒன்றாக இருந்தால்தான் நகல் முழுமை.

பெரிய நிறுவனங்களும் இதில் இடறியுள்ளன. 2015 வரையிலான 12 ஆண்டுகளில் பயனர் ஏற்றிய பாடல்களையும் படங்களையும் வழங்கி மாற்றத்தின்போது இழந்துவிட்டதாக 2019இல் மைஸ்பேஸ் அறிவித்தது.

எங்களுக்கு அந்த நிலை வரவில்லை. பழைய தட்டை அழிக்கப் போன என்னை மூத்த மாணவி ஒருவர் தடுத்திருந்தார். "தம்பி, தீபாவளி வரைக்கும் அதத் தொடாத" என்றார். போதிய அளவில் புதிய தொகுதி அமைத்து, ஆர்சிங்க் வழியாக மீண்டும் மாற்றி, 412 கோப்புகளின் சரிபார்ப்பு எண்களையும் ஒப்பிட்டேன். அனைத்தும் பொருந்தின.

அன்றிரவு பாட்டியின் பதிவை முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரை கேட்டேன். அதன் இன்னொரு நகல் இப்போது கிள்ளானில் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அடுத்து இப்பொறுப்பை ஏற்கும் தம்பி தங்கையரே, சரிபார்த்த பிறகே பழையதை அழியுங்கள்.