வாசலில் நாலு கோடு, அடுப்படியில் ஒன்றுமில்லை

பேச ஆரம்பித்ததும் எழுந்து ஜன்னல் பக்கம் போவது இப்போது அனிச்சைச் செயலாகிவிட்டது. மாடிப்படித் திருப்பம், பால்கனி ஓரம் என்று பல வீடுகளில் ஒரு ‘சிக்னல் இடம்’ உண்டு. வங்கியின் ஓடிபி வர வேண்டுமானால் போனை அங்கே கொண்டுபோய் நீட்ட வேண்டும். “டவரே இல்ல” என்று அலுத்துக்கொள்கிறோம். ஆனால் நகரங்களில் பல நேரம் டவர் தெருமுனையிலேயே இருக்கிறது. வழிமறிப்பது நம் சுவர்.

அலைவரிசை குறையக் குறைய அலை சுவரைத் தாண்டி உள்ளே வரும். கூடக் கூட வேகம் கிடைக்கும், ஆனால் சுவரில் வலுவிழக்கும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் முதல் வகை. நம் ஊர் 5ஜி பெரும்பாலும் ஓடுவது 3300 மெகாஹெர்ட்ஸையொட்டிய பட்டையில். வாசலில் 5ஜி காட்டும் போன் அடுப்படிக்குள் நுழைந்ததும் 4ஜிக்கு இறங்குவது இதனால்தான். ஓட்டு வீட்டில் இந்தத் தொல்லை குறைவு. கம்பி கட்டிய கான்கிரீட், அதற்கு மேல் தளம், அதற்கும் மேல் தளம் என்று அடுக்கிய குடியிருப்பில் தரைத்தளத்துக்காரர் பாடுதான் திண்டாட்டம். அலுவலகம் இன்னும் மோசம். பழைய மகாபலிபுரம் சாலையில் பளபளக்கும் கண்ணாடிக் கட்டடங்களில், வெயிலைத் திருப்பியடிக்கக் கண்ணாடியில் பூசும் மெல்லிய உலோகப் படலம் சிக்னலையும் சேர்த்தே திருப்பியடித்துவிடுகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. டவர் பல வாட் சக்தியில் பேசும். 4ஜியில் போன் பதில் சொல்வது பொதுவாக 0.2 வாட் அளவில்தான். எதிர்முனைக் குரல் நமக்குத் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டும் “ஹலோ... ஹலோ... கேக்குதா?” என்று கத்துவது அதனால்தான்.

போனில் தெரியும் கோடுகளை நம்பிப் புண்ணியமில்லை. எத்தனை சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதற்குப் பொது அளவே கிடையாது. தங்கள் கணக்கு கோடுகளைக் கூட்டிக் காட்டியதாக 2010-இல் ஐபோன் 4 விவகாரத்தில் ஆப்பிளே ஒப்புக்கொண்டது. ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்கில் ‘சிம் ஸ்டேட்டஸ்’ பகுதியைத் திறந்தால் சிக்னல் வலிமை டிபிஎம் அளவில் எண்ணாகக் கிடைக்கும். 4ஜியில் மைனஸ் 85 என்றால் நல்லது, மைனஸ் 115 என்றால் தள்ளாட்டம். இரண்டுக்கும் இடையே ஆயிரம் மடங்கு வித்தியாசம்! கையில் போனோடு அறை அறையாக நடந்து பார்த்தால் எந்தச் சுவர் எவ்வளவு தின்கிறது என்று தெரிந்துவிடும். எண் நன்றாக இருந்தும் இரவு ஒன்பது மணிக்கு நெட் நகராமல், விடியற்காலையில் பறக்கிறதா? அது சுவரல்ல, கூட்டம்.

சுவர்தான் காரணம் என்றால் கைக்கெட்டும் மருந்து வைஃபை காலிங். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ அடுத்த மாதமும் தொடங்கின. செட்டிங்கில் அதை இயக்கினால் அழைப்பு வீட்டு பிராட்பேண்ட் வழியே போகும். செல் நிறுவனத்துக்கும் கட்டி, அது எட்டாத இடத்துக்கு பிராட்பேண்டுக்கும் கட்டுகிறோமே என்ற எரிச்சல் நியாயமானதே. ஆன்லைனில் விற்கும் ‘சிக்னல் பூஸ்டர்’ பக்கம் மட்டும் போகாதீர்கள். உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனம் தவிர வேறு யார் வைத்திருந்தாலும் சட்டப்படி குற்றம். அது கிளப்பும் இரைச்சல் அக்கம்பக்கத்துச் சிக்னலையும் கெடுக்கும்.

வீட்டுக்குள் சிக்னலுக்கு யார்தான் பொறுப்பு? உண்மையில் யாருமில்லை. நகரங்களுக்கான உரிம நிபந்தனை கேட்டது நகராட்சி எல்லைக்குள் 90 சதவீதப் பரப்பில் தெரு மட்டச் சிக்னலை, படுக்கையறைச் சிக்னலை அல்ல. அழைப்பு அறுந்தால் ஒரு ரூபாய், நாளுக்கு மூன்று ரூபாய் வரை இழப்பீடு என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015-இல் போட்ட விதியை அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 விதிகளின்படி நிறுவனங்கள் தங்கள் சிக்னல் வரைபடத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும். அதில் உங்கள் தெருவுக்கு வண்ணம் பூசியிருக்கலாம், வீட்டின் உட்புறம் அந்த வண்ணத்தில் தெரியாது. கட்டடங்களுக்கு இணைப்பு வசதிக்கான தரமதிப்பீடு வழங்கும் ஒழுங்குமுறையையும் டிராய் அதே ஆண்டு அக்டோபரில் கொண்டுவந்தது. நீச்சல் குளத்தை விளம்பரம் செய்யும் கட்டுமான நிறுவனங்கள் அந்த மதிப்பீட்டையும் விளம்பரத்தில் போடட்டும்.

நம் பக்கமும் பிசகு இருக்கிறது. கதிர்வீச்சுக்குப் பயந்து டவர் கூடாதென்று மனுக் கொடுக்கும் குடியிருப்போர் சங்கம்தான் அடுத்த கூட்டத்தில் சிக்னல் இல்லை என்று புலம்புகிறது. டவர் கதிர்வீச்சுக்கு 2012 முதல் இந்தியாவில் உள்ள வரம்பு, சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்குதான்.

புகார் என்றால் முதலில் 198. புகார் எண்ணைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். தீர்வு சரியில்லை என்றால் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போக அது வேண்டும். நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போகலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நிறுவனத்தையே மாற்றுவதானால் அவசரப்படாதீர்கள். போர்ட் செய்த பிறகு 90 நாள் புதிய நிறுவனத்திலேயே கிடக்க வேண்டும். அந்த நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் நண்பரை ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டு, கேட்டில் நிறுத்தாமல் உள்ளறைவரை நடக்கவிட்டுப் பாருங்கள்.