கறையைத் துடைத்தது பேரவை. பழக்கத்தை விட வழி எங்கே?

புது தில்லி: உத்தரப் பிரதேச சட்டப்பேரவையில் 2025 மார்ச் 4-ம் தேதி பேரவைத் தலைவர் சதீஷ் மஹானா எழுப்பிய விவகாரம் பட்ஜெட் பற்றியதல்ல, சட்டம், ஒழுங்கு பற்றியதும் அல்ல. உறுப்பினர் ஒருவர் பான் மசாலாவை மென்று அவை மண்டபத்திலேயே துப்பியிருந்தார். கறையைச் சுத்தம் செய்ய வைத்த மஹானா, காட்சிப் பதிவில் அந்த உறுப்பினரைப் பார்த்துவிட்டதாகவும், அவமானப்படுத்த விரும்பாததால் பெயரைக் குறிப்பிடவில்லை என்றும் அவையில் தெரிவித்தார். மறுநாளே பேரவை வளாகத்தில் பான் மசாலாவும் குட்காவும் தடை செய்யப்பட்டன. மீறினால் ரூ.1,000 அபராதம்.

கறை போய்விட்டது. பழக்கம் போயிற்றா என்பதை எந்த அவைக் குறிப்பும் சொல்லாது. மெல்லும் புகையிலை விஷயத்தில் நாட்டின் கொள்கையும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கிறது. தடை, அபராதம், வரி ஆகிய மூன்றும் தாராளமாக உள்ளன. விட்டுவிட நினைப்பவருக்குக் கிடைக்கும் உதவிதான் குறைவு.

பெரியவர்களிடம் 2016-17-ல் நடத்தப்பட்ட தேசிய அளவிலான புகையிலைக் கணக்கெடுப்பின்படி, புகைப்போர் 10.7 சதவீதம், மெல்லுதல் உள்ளிட்ட புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துவோர் 21.4 சதவீதம். அதாவது ஏறத்தாழ 20 கோடி பேர். இவர்களில் பாதிப்பேர் பழக்கத்தை விடத் திட்டமிட்டிருப்பதாகவோ, அது குறித்து யோசிப்பதாகவோ கூறினர். ஆனால் மருத்துவரை நாடியவர்களில், பழக்கத்தை விடும்படி அறிவுரை பெற்றவர்கள் புகைப்போரில் 48.8 சதவீதம், மெல்லுவோரில் 31.7 சதவீதம் மட்டுமே.

இரட்டைப் பொட்டலம்

உணவுப் பொருள்களில் புகையிலையும் நிகோடினும் கலக்கக் கூடாது என்ற 2011-ம் ஆண்டு விதியைக் கொண்டு, 2012 ஏப்ரலில் முதல் மாநிலமாக மத்தியப் பிரதேசம் குட்காவைத் தடை செய்தது. பிற மாநிலங்களும் அடுத்தடுத்துப் பின்பற்றின. வியாபாரிகள் அதற்கும் வழி கண்டனர். புகையிலை கலக்காத பான் மசாலா ஒரு பொட்டலம். புகையிலை மற்றொரு பொட்டலம். வாங்குபவர் இரண்டையும் சேர்த்து வாயில் போட்டுக்கொண்டால் அதுவே குட்கா. கணக்கெடுப்பில் முதலிடம் பிடித்ததோ குட்கா அல்ல. உள்ளங்கையில் சுண்ணாம்புடன் தேய்த்து உதட்டுக்குள் அடக்கப்படும் கைனி.

புகையிலை இல்லாத பான் மசாலா தீங்கற்றது என்ற எண்ணமும் தவறு. பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-ல் அறிவித்துவிட்டது.

நாடாளுமன்றம் கண்ட சர்ச்சை

பொட்டலத்தின் மீது 85 சதவீத அளவுக்கு எச்சரிக்கைப் படம் அச்சிடும் விதி 2015 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வருவதாக இருந்தது. திலீப் காந்தி தலைமையிலான நாடாளுமன்றக் குழு அதை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. புகையிலைக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவும் இந்திய ஆய்வு இல்லை என்று அவர் கூறியது பெரும் சர்ச்சையானது. விதி தள்ளிப்போனது. அரசின் புகையிலை எதிர்ப்பு விளம்பரத்தில் தோன்றிய சுனிதா தோமர், மெல்லும் புகையிலை தந்த வாய்ப் புற்றுநோயால் இறந்ததும் அதே ஏப்ரல் 1-ல்தான். அவருக்கு வயது 28. விதி அமலுக்கு வந்தது ஓராண்டு கழித்து, 2016 ஏப்ரலில்.

அரசியல்வாதிகளையும் இப்பழக்கம் விட்டுவைக்கவில்லை. வாய்ப் புற்றுநோய்க்காக 2004-ல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட சரத் பவார், தமது குட்கா பழக்கத்தை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, மற்றவர்களைப் பல மேடைகளில் எச்சரித்தார்.

முதல் வாரமே சோதனை

மன உறுதி இல்லாதவர்களே விட முடியாமல் தவிக்கிறார்கள் என்பது பொதுவான கருத்து. உண்மை அதுவல்ல. கன்னத்தில் அடக்கிய புகையிலையிலிருந்து நிகோடின் வாயின் உட்தோல் வழியாக நேரே இரத்தத்தில் கலக்கிறது. உடன் சேரும் சுண்ணாம்பு அதை விரைவுபடுத்துகிறது. சிகரெட் சில நிமிடங்களில் அணைந்துவிடும்; அடக்கிய புகையிலையோ நெடுநேரம் நிகோடினைத் தந்துகொண்டே இருக்கும். மூளை அதற்குப் பழகிவிடுகிறது.

நிறுத்தியதும் எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல், அதிகப் பசி ஆகியவை தோன்றும். முதல் சில நாள்களில் இவை உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியும். திடீரென எழும் வேட்கை பெரும்பாலும் சில நிமிடங்களே நீடிக்கும். அந்த நிமிடங்களைத் தள்ளிப்போடுவது, தண்ணீர் குடிப்பது, வேறு வேலையில் இறங்குவது ஆகியவையே மருத்துவர்கள் சொல்லும் வழி. நிகோடின் சூயிங்கமும் உதவும். ஆனால் அதைச் சாதாரண சூயிங்கம் போல மென்றுகொண்டே இருக்கக் கூடாது. சிறிது மென்று கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும்.

வாயில் தோன்றும் வெள்ளைத் திட்டுகள், பழக்கத்தை விட்டால் மறையவும் கூடும். பாக்கினால் தசை இறுகி வாய் திறக்க முடியாமல் போனால், பழைய நிலைக்குத் திரும்புவது கடினம். எனவே காலம் தாழ்த்துவதில் பயனில்லை.

இருக்கும் உதவி

தில்லியில் உள்ள வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் 2016-ல் இலவசத் தொலைபேசி ஆலோசனை மையம் தொடங்கப்பட்டது. அதன் எண்ணான 1800-11-2356, 2018 செப்டம்பர் முதல் புகையிலைப் பொட்டலங்களிலும் அச்சிடப்படுகிறது. பெங்களூர் நிமான்ஸ் உள்ளிட்ட கிளை மையங்கள் மூலம் தமிழிலும் ஆலோசனை பெறலாம். நிகோடின் மாற்று மருந்து 2022-ல் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இடம்பெற்றது. பட்டியலில் ஏறிய மருந்து கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் மேஜைக்கு வருவது வேறு விஷயம்.

புகையிலை மீதான கலால் வரியை உயர்த்தவும், பான் மசாலா தயாரிக்கும் இயந்திரங்கள் மீது செஸ் வரி விதிக்கவும் 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. பொது சுகாதாரமும் தேசப் பாதுகாப்புமே அந்த செஸ் வரியின் நோக்கம் என்று அரசு கூறியது. விலை ஏறினால் சிலர் விடுவர். சிலர் மலிவான சரக்குக்கு மாறுவர். வசூலாகும் தொகையில் ஒரு பங்கேனும், விடத் துடிக்கும் அந்தப் பாதிப்பேரைச் சென்றடையுமா என்ற கேள்வியைத்தான் உறுப்பினர்கள் அவையில் எழுப்ப வேண்டும்.